மெசேஜ்பேட் 2100க்கு உயிர் வந்த கதை: பேட்டரி, கேபிள், அப்புறம் 2010

நேத்து ராத்திரி என் பழைய நியூட்டன்ல 90 கேபி பேக்கேஜ் (அதுல ஏத்தற ப்ரோகிராம் ஃபைல்) ஒண்ணு நடுவுல எங்கயும் நிக்காம முழுசா ஏறிடுச்சு. அதான் சூட்டோட சூடா எழுதி வைக்கறேன், விட்டா எந்த ஒயர் எங்க போச்சுன்னு எனக்கே மறந்துடும்.

மெஷின் ஆப்பிள் நியூட்டன் மெசேஜ்பேட் 2100, கையடக்க கம்ப்யூட்டர். 1997 நவம்பர்ல வந்துச்சு, 1998 பிப்ரவரி 27ல நியூட்டன் வரிசையையே மூடறோம்னு அறிவிச்சுட்டாங்க, பாவம் புதுசா வித்ததே சில மாசம்தான். 162 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் ப்ராசஸர், 480க்கு 320 ஸ்க்ரீன், கலர் கிடையாது, 16 சாம்பல் ஷேடு, உள்ள நியூட்டன் ஓஎஸ் 2.1. எடை 640 கிராம். எல்லாமே பேனாவாலதான்.

நான் இருக்கறது சன்னிவேல், ஆப்பிள் தலைமையகம் இருக்கற குப்பர்டினோவுக்கு பக்கத்து ஊர். இந்த ஏரியாவுல பழைய எலக்ட்ரானிக்ஸ் விக்கற காலைச் சந்தை ஒண்ணு நடக்கும், விடிய விடிய டார்ச் அடிச்சுகிட்டு போற கூட்டத்துல நானும் ஒருத்தன். அங்க ஒரு பெரியவர் டேபிள்ல இந்த 2100 கிடந்துச்சு, கூடவே பவர் அடாப்டர், அதைவிட முக்கியமா சீரியல் டாங்கிள். இந்த மாடலோட போர்ட் 26 பின் வச்ச ஒரு தனி ரகம், அதுல நேரா எந்த கேபிளும் சொருக முடியாது, டாங்கிள் வச்சாதான் பழைய மேக் மாதிரி 8 பின் வட்ட சாக்கெட் கிடைக்கும். மெஷின் கிடைச்சுடும், டாங்கிள் கிடைக்காது, அதுதான் இதுல சிக்கலே. அதனால 80 டாலர்னு சொன்னப்ப பேரமே பேசல.

பக்கத்துலயே ஈஓ 440ன்னு இன்னொரு பேனா கம்ப்யூட்டர் இருந்துச்சு, ரெண்டு பக்கமும் காது வச்ச மாதிரி இருக்குமே அது. 1993ல வந்த மெஷின், ஏடி அண்ட் டியோட ஹாபிட் ப்ராசஸர், மேல கோ கம்பெனியோட பென்பாயிண்ட் ஓஎஸ். பென்பாயிண்ட்ல டெஸ்க்டாப்னு ஒண்ணே இல்ல, மொத்த மெஷினும் ஒரே நோட்டுப்புத்தகம், முன்னாடி பொருளடக்கம், ஓரத்துல டேப், பக்கத்தைத் தொட்டா அந்தப் பக்கத்துக்கு உரிய ப்ரோகிராம் தானா ஓடும். என்னைக் கேட்டா அந்தக் காலத்து பேனா ஓஎஸ்ல யோசனையளவுல அதுதான் ரொம்ப சுத்தம், பக்கத்துலயே மைக்ரோசாஃப்ட் 1992ல விண்டோஸ் 3.1 மேல ஒரு பேனா ஒட்டு போட்டு விட்டதைப் பார்த்தா வித்தியாசம் தெரியும். ஆனா அந்த ஈஓக்கு சார்ஜரும் இல்ல, ஆன் ஆகுமான்னு சொல்லவும் ஆள் இல்ல, சொன்ன விலை என் பட்ஜெட்டுல மூணு மடங்கு, பார்த்துட்டு வெச்சுட்டு வந்துட்டேன்.

முதல் வேலை பவர். அடாப்டர் குத்தினா ஸ்க்ரீன் வருது, உருவினா அடுத்த நொடி அணைஞ்சுடுது. ரீசார்ஜ் பேக் செத்துப்போச்சுன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. பேக்கை வெளிய எடுத்தா கான்டாக்ட் மேல வெள்ளையா உப்பு பூத்திருக்கு. இந்த வகை செல்லுல இருந்து கசியறது காரம், அதனால பஞ்சுக் குச்சியில வினிகர் தொட்டு தொட்டு துடைச்சேன், நுரை வர்றது நின்னதும் 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டு ஒரு துடைப்பு. மெஷின் பக்கத்து கான்டாக்ட்லயும் லேசா பச்சை பிடிச்சிருந்துச்சு, அதை ஃபைபர்கிளாஸ் பேனாவால ரொம்ப மெதுவா சுரண்டி எடுத்தேன். உப்புத்தாள் போட்டுடாதீங்க, மேல இருக்கற முலாம் போயிடுச்சுன்னா அப்புறம் அது சீக்கிரமே திரும்பப் பூக்கும்.

பேக்கைத் திறக்கறது பொறுமை வேலை. ரெண்டு ஓடும் ஒட்டினது, ஸ்க்ரூ கிடையாது. கிடார் பிக் ஒண்ணு, மொக்கையான வெண்ணெய்க் கத்தி ஒண்ணு, ஹேர் ட்ரையர் மிதமான சூட்டுல, ஜாயிண்ட் ஓரமா மூலையில இருந்து ஆரம்பிச்சு விரலளவு விரலளவா நகர்ந்தேன். உள்ள ஏஏ சைஸ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் செல் நாலு, வரிசையா இணைச்சது, மொத்தம் 4.8 வோல்ட். தனித்தனியா அளந்தா மூணுல கிட்டத்தட்ட பூஜ்யம், ஒண்ணுல 0.3. செல்லோட உடம்புல ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் (சூட்டைப் பொறுத்து மாறற ரெசிஸ்டர்), அதுல இருந்து தனியா ஒரு கான்டாக்டுக்கு ஒயர். மல்டிமீட்டர்ல வெச்சு ரெண்டு விரலால பிடிச்சு சூடேத்தினேன், ரெசிஸ்டன்ஸ் மெதுவா இறங்குச்சு, அப்ப அது நல்லாத்தான் இருக்கு. இதைத் தூக்கிப் போட்டுட்டு வெறும் நாலு செல்லை மட்டும் வெச்சுடலாம்னு நினைக்காதீங்க, சார்ஜ் ஆகும்போது செல் சூடாகுதான்னு மெஷின் பாக்கறது இது வழியாதான்.

புது செல் ஏற்கனவே முனையில உலோகப் பட்டை வெல்டு பண்ணினதா வாங்கினேன், 2000 மில்லிஆம்ப் அவர், தானா சார்ஜ் சீக்கிரம் குறையாத வகை, நாலும் சேர்த்து 18 டாலர். பட்டை இல்லாத செல் மேல நேரா சால்டர் பண்ணினா உள்ள இருக்கற சீல் வெந்துடும். பட்டை மேல மட்டும் 350 டிகிரியில ரெண்டு செகண்ட் தொட்டு எடுத்தேன். தெர்மிஸ்டரை பழைய இடத்துலயே செல்லோட வயித்துல படியற மாதிரி சூடு தாங்கற கேப்டான் டேப் போட்டு இறுக்கினேன். புது செல் பழசை விட ஒரு மயிரிழை தடிமன், ஓடு முழுசா மூடல, அதனால பசை போடாம ரெண்டு சுத்து டேப் சுத்தியே விட்டுட்டேன், அடுத்த தடவை திறக்கவும் லேசு. வைக்கறதுக்கு முன்னாடி 5.2 வோல்ட் காட்டுச்சு, ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு காலையில எடுத்தப்ப 5.6. அடாப்டரை உருவினேன், அணையல. பவர் சுவிட்சை தள்ளிப் பிடிச்சா பேக்லைட் எரியும், பச்சையா மங்கலா எரிஞ்சுச்சு, இருட்டுல படிக்கப் போதும்.

ஆன் ஆனதும் பார்த்தா பழைய ஓனரோட நோட்ஸ், அட்ரஸ் எல்லாம் அப்படியே இருக்கு. இந்த மாடல்ல யூசர் டேட்டா போறது 4 எம்பி ஃப்ளாஷ்ல, பேட்டரி செத்து எத்தனை வருஷமானாலும் அழியாது. அடுத்தவங்க சங்கதி நமக்கு எதுக்கு, முதல் பக்கத்தோட நிறுத்திட்டு மொத்தமா அழிச்சுட்டேன்: பவர் சுவிட்சை தள்ளிப் பிடிச்சுகிட்டே பின்னாடி ரீசெட் ஓட்டையில பேனா நுனியால ஒரு அமுக்கு, எல்லாத்தையும் அழிக்கட்டுமான்னு கேக்கற வரைக்கும் சுவிட்சை விடக்கூடாது. இதுக்கு நியூட்டன் ஆளுங்க வெச்ச பேர் பிரெயின் வைப்.

அடுத்து பேனா. ஒரு நேர்கோடு போட்டா படிக்கட்டு மாதிரி வருது, அதுவும் ஸ்க்ரீனோட வலது ஓரத்துல ரொம்ப மோசம். இது 2000, 2100 ரெண்டு மாடலுக்கும் வர்ற பிரபலமான வியாதி, ஜாகீஸ்னு சொல்லுவாங்க. ப்ரெஃப்ஸ்ல, அதாவது செட்டிங்ஸ்ல, போய் பேனா அலைன்மென்ட் பண்ணிப் பார்த்தேன், ஒரு புண்ணியமும் இல்ல. அலைன்மென்ட் சரி பண்றது இடம் தள்ளிப்போறதை, இது ஒரே இடத்துல நடுங்கறது, ரெண்டும் வேற வேற. இந்த ஸ்க்ரீன் மேல இருக்கறது ரெசிஸ்டிவ் படலம், ரெண்டு ஷீட்டு அழுத்தத்துல ஒட்டிக்கிட்டு வோல்டேஜ் பங்காகும், அந்த வோல்டேஜ்தான் பேனா இருக்கற இடம். நடுவுல எங்கயாவது கான்டாக்ட் தளர்ந்திருந்தா வோல்டேஜ் ஆடும், கோடும் ஆடும். இதே காரணத்தால பேனாவுல பேட்டரியும் வேண்டாம் காந்தமும் வேண்டாம், வெறும் பிளாஸ்டிக் குச்சி போதும், தொலைஞ்சாலும் கவலையில்ல.

சரின்னு பிரிச்சேன். சின்ன டார்க்ஸ் பிட், பிளாஸ்டிக் நெம்பு கோல், ஸ்க்ரூ வைக்க முட்டை அட்டை, அட்டையோட ஒவ்வொரு குழிக்கும் எந்த மூலை ஸ்க்ரூன்னு பேனாவால எழுதி வெச்சுட்டேன். பேட்டரியையும் அடாப்டரையும் கழட்டிட்டு கொஞ்ச நேரம் சும்மா விட்டுட்டுத்தான் உள்ள கை வைக்கணும், பேக்லைட்டுக்கு இருக்கற இன்வெர்ட்டர் நூறு வோல்ட் பக்கம் ஏசி கொடுக்கும், ஆளைக் கொல்லாது ஆனா சுளீர்னு இருக்கும். டச் படலத்துல இருந்து வர்ற ரிப்பனை கழட்டி, கான்டாக்ட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால ஒரே திசையில துடைச்சு, காய விட்டு, நேரா பார்த்து திரும்ப சொருகினேன். படலத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல ஓரத்துல தூசியும் நாரும் அடைஞ்சிருந்துச்சு, கேமரா லென்ஸ் ஊதற ரப்பர் பல்ப் வெச்சு ஊதி எடுத்தேன். மூடிட்டு கோடு போட்டா முக்கால்வாசி ஸ்க்ரீன் நேராயிடுச்சு. வலது ஓரத்துல சுமார் 8 மில்லிமீட்டர் பட்டை மட்டும் இன்னும் நடுங்குது. அந்த இடத்துல படலமே தேஞ்சிருக்கணும், மாத்தறதுக்கு இன்னொரு செத்த மெஷின் வேணும், இப்போதைக்கு அதை அப்படியே விட்டாச்சு.

இப்ப கேபிள். நேரத்தை முழுசா தின்னது இதுதான்.

டாங்கிளோட 8 பின் சாக்கெட்ல இருந்து என் லினக்ஸ் லேப்டாப்போட யூஎஸ்பிக்கு வரணும், நடுவுல 9 பின் வெச்ச ஒரு யூஎஸ்பி சீரியல் அடாப்டர். நியூட்டன் பேசறது ஆர்எஸ் 422ங்கற சீரியல் சிக்னல் முறை, ஒவ்வொரு சிக்னலுக்கும் ஜோடியா ரெண்டு ஒயர். பிசி பேசறது ஆர்எஸ் 232, சிக்னலுக்கு ஒரு ஒயரும் பொதுவா ஒரு கிரவுண்டும். ரெண்டையும் சேர்க்கற வழி ரொம்ப பழசு, சிம்பிள்: பாசிட்டிவ் ரிசீவ் பின்னை கிரவுண்டோட கட்டிடு, பாசிட்டிவ் ட்ரான்ஸ்மிட் பின்னை அந்தரத்துல விட்டுடு, நெகட்டிவ் பக்கத்தை மட்டும் வெச்சுப் பேசு. 8 பின் பக்கம் 3ம் நம்பர் பிசியோட 9 பின்ல 2க்கு. 5ம் நம்பர் 3க்கு. 4, 8 ரெண்டையும் சேர்த்து 5க்கு. ஹேண்ட்ஷேக்குக்கு (அனுப்பலாமா, நிறுத்தணுமான்னு ரெண்டு பக்கமும் சொல்லிக்கற சிக்னல்) 1ம் நம்பர் 8க்கு, 2ம் நம்பர் 7க்கு. 6, 7 வேண்டாம். இவ்வளவுதான் மொத்த வரைபடமும்.

8 பின் ப்ளக்கை புதுசா வாங்கி சால்டர் பண்றது என் கண்ணுக்கு ஒத்துவராது, அந்தப் பின்னெல்லாம் கடுகு சைஸ்ல இருக்கும். அதுக்கு பதிலா பழைய மேக் பிரிண்டர் கேபிள் ஒண்ணு 5 டாலருக்கு எடுத்து நடுவுல வெட்டிட்டேன், ரெண்டு பாதி கிடைச்சுது, ஒண்ணு ஸ்பேர். இதுல ஒரு எச்சரிக்கை: அந்த கேபிள் உள்ளயே குறுக்கா மாத்தி இணைச்சது, ஒரு முனையில 3ம் பின் அடுத்த முனையில 5ம் பின்னா வெளிய வரும். ஒயர் கலர் கம்பெனிக்கு கம்பெனி வேற. அதனால எந்த சார்ட்டையும் நம்பாம, வெட்டின பக்கத்து ஒயர் ஒவ்வொண்ணையும், நியூட்டன்ல போய் சொருகற அதே ப்ளக்கோட பின்னுக்கு மல்டிமீட்டர் பீப் வெச்சுப் பார்த்து, மாஸ்கிங் டேப்புல நம்பர் எழுதி ஒட்டினேன். 9 பின் பக்கத்துக்கு சால்டர் வேண்டாம், ஸ்க்ரூ டெர்மினல் வெச்ச கனெக்டர் கிடைக்குது.

மென்பொருள் யூனிக்ஸ்என்பிஐன்னு ஒரு சின்ன கமாண்ட் லைன் ப்ரோகிராம், பேக்கேஜ் ஃபைலை நியூட்டன்ல ஏத்தறது மட்டும்தான் அதோட வேலை. லேப்டாப்ல அதை ஓட விட்டுட்டு, நியூட்டன்ல ப்ரோகிராம் ஐகான் எல்லாம் இருக்கற எக்ஸ்ட்ராஸைத் திறந்து டாக் ஐகானைத் தொட்டு, சீரியல்னு தேர்ந்தெடுத்து கனெக்ட் அமுக்கணும். முதல்ல ஒண்ணுமே இல்ல. அப்புறம் திடீர்னு கனெக்ட் ஆச்சு, 4 கேபி பேக்கேஜ் ஒண்ணு ஏறுச்சு, ஆஹான்னு அடுத்ததை அனுப்பினா பாதியில நின்னுடுச்சு. திரும்ப முயற்சி பண்ணினா கனெக்டே ஆகல. டாங்கிளை கொஞ்சம் ஆட்டினா ஆகுது. உடனே டாங்கிள் மேலதான் சந்தேகம் போச்சு, அதோட 26 பின்னையும் ஆல்கஹால் போட்டு கழுவினேன், ஹேண்ட்ஷேக் ஒயரை கழட்டிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன், வேகத்தை 38400ல இருந்து 9600க்கு இறக்கிப் பார்த்தேன். யூஎஸ்பி அடாப்டர் சரியான்னு பாக்க அதோட 9 பின்ல 2, 3 ரெண்டையும் ஷார்ட் பண்ணி டெர்மினல்ல டைப் அடிச்சேன், அடிச்சது அப்படியே திரும்பி வந்துச்சு, அப்ப அடாப்டர் நல்லாத்தான் இருக்குன்னு அதை விட்டுட்டேன்.

அந்த டெஸ்ட்தான் ஏமாத்துச்சு. எதுக்கும் பார்ப்போம்னு மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வெச்சு, அடாப்டர் சும்மா இருக்கும்போது 3ம் பின்னுக்கும் 5ம் பின்னுக்கும் நடுவுல அளந்தேன். நிஜமான ஆர்எஸ் 232ன்னா அங்க மைனஸ் 5, மைனஸ் 6 வோல்ட் இருக்கணும். எனக்கு வந்தது 0.02. அது பேர் ஊர் இல்லாத 7 டாலர் அடாப்டர், உள்ள மைனஸ் வோல்டேஜ் உண்டாக்கற சர்க்யூட்டே கிடையாது, பூஜ்யத்துக்கும் 5க்கும் நடுவுல மட்டும் ஆடுது. இன்னைக்கு இருக்கற நிறைய சாதனங்களுக்கு அது போதும், அதனால யாரும் கண்டுக்கறதில்ல. நியூட்டனுக்கு அது பத்தாது. ஏன்னா நாம பாசிட்டிவ் ரிசீவ் பின்னை கிரவுண்ட்ல கட்டிட்டோம், அந்த ரிசீவர் ரெண்டு பின்னுக்கும் நடுவுல குறைஞ்சது 0.2 வோல்ட் வித்தியாசம் எதிர்பார்க்கும், ஒரு பக்கம் பூஜ்யம் இன்னொரு பக்கமும் பூஜ்யம்னா அது ஒண்ணா பூஜ்யமான்னு முடிவு பண்ண முடியாம அந்தந்த நேரத்து இரைச்சலைப் பொறுத்து என்னத்தையோ படிக்கும். ஆட்டினா வேலை செஞ்சதுக்கும் அதான் காரணம். 2, 3 ரெண்டையும் ஷார்ட் பண்ணின அந்த லூப்பேக் டெஸ்ட்ல அடாப்டர் தன்னோட சிக்னலைத் தானே கேட்டுச்சு, அங்க எப்படி தப்பு தெரியும்?

எஃப்டிடிஐ கம்பெனி சிப் வெச்ச, முழு ஆர்எஸ் 232 வோல்டேஜ் தர்ற அடாப்டர் 20 டாலருக்கு வாங்கினேன். அதே இடத்துல அளந்தா மைனஸ் 5.6. ஹேண்ட்ஷேக் ஒயர் ரெண்டையும் திரும்ப மாட்டி, வேகம் 38400 வெச்சு, கனெக்ட் அமுக்கினேன், 90 கேபி பேக்கேஜ் அரை நிமிஷம் சொச்சத்துல ஏறிடுச்சு. அந்த 7 டாலர் அடாப்டரை அர்டுயினோ பெட்டியில போட்டு வெச்சிருக்கேன்.

முதல்ல ஏத்த வேண்டியது தேதி பேட்ச், அதாவது தேதிக் கோளாறை சரி பண்ற திருத்தம். நியூட்டன்ல ப்ரோகிராம் எழுதற மொழி நியூட்டன்ஸ்கிரிப்ட், அதுல ஒரு முழு எண்ணுக்கு 30 பிட்தான் இடம், அதுலயும் ஒரு பிட் ப்ளஸ் மைனஸுக்குப் போயிடும். நேரத்தை 1993 ஜனவரி 1ல இருந்து செகண்டா எண்ணற ஒரு ஃபங்ஷன் இருக்கு, 29 பிட்ல அதிகபட்சம் 53 கோடியே 68 லட்சம் சொச்சம் செகண்ட் அடங்கும், அது நிரம்பினது 2010 ஜனவரி 5 சாயங்காலம் 6 மணி 48 நிமிஷத்துல. அதுக்கப்புறம் தேதி வெச்சா அலாரம், காலண்டர் எல்லாம் கோணல்மாணலா போகும். கேபிள் வேலை செய்யாத வரைக்கும் நான் வருஷத்தை 28 கழிச்சு வெச்சிருந்தேன், 28 வருஷத்துக்கு ஒரு தடவை கிழமையும் தேதியும் அப்படியே ஒத்துப்போகும்ல, திங்கக்கிழமை திங்கக்கிழமையாவே இருக்கும். எக்கார்ட் கோப்பன்னு ஒரு நியூட்டன் ஆர்வலர் 2100க்கும் சேர்த்து இதுக்கு பேட்ச் எழுதி இலவசமா கொடுத்திருக்கார், ஏத்தினதும் ரீஸ்டார்ட் ஆச்சு, நிஜ வருஷத்தை வெச்சேன், காலண்டர் சரியா காட்டுது. ஆப்பிள் கைவிட்டு பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்த கோளாறை வெளிய இருந்து ஒரு ஆள் சரி பண்ணியிருக்கார்!

இனி எழுத்து. 1993 ஆகஸ்ட்ல முதல் நியூட்டன் 699 டாலருக்கு வந்தப்ப கையெழுத்து புரியலன்னு ஊரே சிரிச்சுச்சு, டூன்ஸ்பரிங்கற அமெரிக்கப் பத்திரிகை காமிக்ஸ்ல ஒரு வாரம் வெச்சு செஞ்சாங்க. அந்த முதல் ரெககனைசர், அதாவது கையெழுத்தைப் படிக்கற ப்ரோகிராம், பாராகிராஃப்னு ஒரு ரஷ்யக் கம்பெனி எழுதினது, எழுத்தை சேர்த்து சேர்த்து எழுதறதைப் படிக்கப் பாக்கும். ஓஎஸ் 2.0ல தனித்தனி எழுத்துக்கு ஆப்பிளோட ஆராய்ச்சிப் பிரிவே நியூரல் நெட்வொர்க் வெச்சு புதுசா ஒண்ணு பண்ணாங்க, அது வேற லெவல். என் கோழிக்கிறுக்கல் இங்கிலீஷை, தனித்தனி எழுத்தா எழுதினா, பத்து வார்த்தைக்கு ஒன்பது சரியா பிடிக்குது, எந்தப் பயிற்சியும் கொடுக்கல. தப்பா வந்தா வார்த்தையை ரெண்டு தட்டு தட்டினா வேற யூகங்கள் லிஸ்ட்டா வரும். பிடிக்கலைன்னா அது மேல குறுக்கும் நெடுக்கும் கிறுக்கினா ஒரு சின்ன புகை மாதிரி பொசுக்னு மறையும், இதை மட்டும் என் பொண்ணு உக்காந்து திரும்பத் திரும்ப பண்ணிகிட்டிருந்தா. பேட்டரி, டச் படலம், கடிகாரம் எல்லாம் மக்கர் பண்ண இந்த மெஷின்ல எனக்கு ஒரு தொல்லையும் கொடுக்காதது அந்த ஊர் சிரிச்ச கையெழுத்து மட்டும்தான்.

தமிழ் எழுதினா? ரெககனைசருக்குத் தமிழ் தெரியாது, "அரிசி"ன்னு எழுதினா என்னமோ இங்கிலீஷ் மாதிரி ஒண்ணைக் கக்கும். ஆனா கீழ இருக்கற பேனா ஐகானைத் தொட்டா டெக்ஸ்ட், இங்க் டெக்ஸ்ட், ஷேப்ஸ், ஸ்கெட்ச்னு நாலு வழி வரும். அதுல இங்க் டெக்ஸ்ட் வெச்சா, எழுதினதைப் படிக்கப் பாக்காம மையாவே வெச்சுக்கும், ஆனா ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி துண்டா எடுத்து, சின்னதாக்கி, வரியில அடுக்கிடும். நடுவுல ஒரு சொல்லை அழிச்சா மத்ததெல்லாம் டைப் அடிச்ச எழுத்து மாதிரியே நகர்ந்து வரும், வரி மடங்கும். முதல்ல நம்ம எழுத்து அகலத்துக்கு அது சொல்லை வெட்டிடுது, "கொத்தமல்லி" ரெண்டு துண்டாச்சு, கொம்புக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல நான் விடற இடைவெளியை அது சொல் இடைவெளின்னு நினைச்சுக்குது. எழுத்தை நெருக்கியும் சொல்லுக்கு நடுவுல நல்லா தள்ளியும் எழுதினா சரியாயிடுது. இப்ப என் மளிகை லிஸ்ட் முழுக்க தமிழ் இங்க் டெக்ஸ்ட்தான், தேடத்தான் முடியாது.

வைஃபையும் முயற்சி பண்ணேன். பழைய லேப்டாப்ல இருந்த மாதிரி கார்டு சொருகற பிசிஎம்சிஐஏ ஸ்லாட் ரெண்டு இருக்கு, அதுல பழைய ஆரினோகோ சில்வர் கார்டு, 15 டாலர், ஆப்பிளோட நியூட்டன் இன்டர்நெட் எனேப்ளரும் கார்டுக்கு உண்டான டிரைவரும் சீரியல்ல முன்னாடியே ஏத்தி வெச்சுட்டு அப்புறம் கார்டை சொருகணும். இந்தக் கார்டோட டிரைவருக்கு வைஃபை பாதுகாப்புல பழைய முறையான டபிள்யூஇபி வரைக்கும்தான் தெரியும், டபிள்யூபிஏ எல்லாம் தெரியாது. வீட்டு நெட்வொர்க்கை இதுக்காக யார் திறந்து வைப்பா, ஒரு பழைய ரௌட்டரை இன்டர்நெட் இல்லாம தனியா வெச்சு அதுல ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டரை வெப் சர்வரா போட்டேன். நியூட்ஸ் கேப் பிரவுசர்ல என் பக்கம் வந்துச்சு, படிக்கலாம். வெளி உலக தளங்கள் அநேகமா வராது, பெரும்பாலும் எச்டிடிபிஎஸ், அந்தப் பூட்டுப் போட்ட இணைப்பு இதுக்குப் புரியாது. கார்டு இருக்கும்போது பேட்டரி மளமளன்னு இறங்குது, அதனால கழட்டி வெச்சுட்டேன். இதுக்கு மேல இதுல நேரம் போடற ஐடியா இல்ல.

செலவு: மெஷின் 80, செல் 18, மேக் கேபிள் 5, வீணா போன அடாப்டர் 7, நல்ல அடாப்டர் 20, வைஃபை கார்டு 15. மொத்தம் 145 டாலர். டேப், ஆல்கஹால், வினிகர் எல்லாம் வீட்டுல இருந்தது.

அடுத்த மெஷினுக்கு இதே வேலை பண்ணினா வரிசையை மாத்துவேன். அடாப்டரோட சும்மா இருக்கும்போது வர்ற வோல்டேஜை கேபிள் வெட்டறதுக்கு முன்னாடியே அளப்பேன், மைனஸ் இல்லைன்னா திருப்பிக் கொடுத்துடுவேன். பேட்டரி பேக்குக்கு ஒரே தடிமன் உள்ள செல்லா காலிப்பர் வெச்சுப் பார்த்து வாங்குவேன், 2000க்கு பதிலா கொஞ்சம் கம்மி கொள்ளளவு இருந்தாலும் ஓடு மூடினா போதும். நோட்ஸை வெளிய எடுக்கற வழியையும் முதல்லயே தயார் பண்ணிடுவேன், ஏன்னா நியூட்டன்ல ஃபைல்னு ஒண்ணே கிடையாது, எல்லாம் சூப்னு சொல்ற ஒரு டேட்டாபேஸ்குள்ள போய் உக்காந்துக்கும், யூனிக்ஸ்என்பிஐ உள்ள தள்ளத்தான் செய்யும், வெளிய எடுக்காது. அதுக்கு ஆப்பிளோட பழைய கனெக்ஷன் யூட்டிலிட்டீஸை விண்டோஸ் 98 வர்ச்சுவல் மெஷின்ல போட்டு யூஎஸ்பி அடாப்டரை அதுக்குக் கொடுக்கணும், அது மெதுவா இருந்தாலும் பேக்கப் எடுக்குது.

அந்த நடுங்கற 8 மில்லிமீட்டர் பட்டைக்கு இப்போதைக்கு ஒரு வழி கிடைச்சிருக்கு. எக்ஸ்ட்ராஸ்ல ரொட்டேட்னு ஒரு ஐகான் இருக்கு, ஸ்க்ரீனை நாலு பக்கமும் திருப்பலாம், கீழ வர்ற பட்டன் வரிசையும் கூடவே நகரும். அந்தப் பட்டை கீழ வர்ற மாதிரி திருப்பி வெச்சுட்டேன். இப்ப அங்க பட்டன்கள்தான் இருக்கு, தொட்டா போதும், கோடு போட வேண்டியதில்ல.